காதும் காடும்: காதொலிக்கருவிப் பொருத்தத்தை அளக்கும் பேச்சறிதல் சோதனைகளும் தமிழ் ஒலியமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

காதொலிக்கருவி ஒருவருக்குப் பொருந்தியுள்ளதா என்பதை அறியச் சொற்களை ஒலிக்கச் செய்து, கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் செய்யும் சோதனை முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. அச்சோதனையில் பெறும் மதிப்பெண்ணில் காதின் திறனும் கருவியின் திறனும் மட்டுமின்றி, சோதிக்கும் மொழியின் ஒலியமைப்பும் சோதிக்கப்படுபவரின் வட்டார வழக்கும் கலந்துள்ளன. தமிழில் இச்சோதனைக்குரிய சொற்பட்டியலை அமைக்கவும் மதிப்பெண் இடவும் தமிழிலக்கண மரபு, குறிப்பாகக் குற்றியலுகரப் பாகுபாடு, எவ்வாறு உதவும் என்பதை இக்கட்டுரை கள்ளக்குறிச்சி மாவட்டத்து வடக்கனந்தல் வட்டாரப் பேச்சை முன்வைத்து விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காதொலிக்கருவி, பேச்சறிதல் சோதனை, ஒலிச்சமநிலை, குற்றியலுகரம், வட்டார வழக்கு, இரட்டைவழக்கு

முன்னுரை

கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் கோமுகி ஆற்றின் அணைக்கு அண்மையில் அமைந்த பேரூராட்சி வடக்கனந்தல். கச்சிராயபாளையத்துக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் கரும்புக் கழனிகளும் இவ்வட்டாரத்தின் அடையாளங்கள். இவ்வூரில் எழுபது வயதை நெருங்கும் உழவர் ஒருவர் இருக்கிறார் எனக் கொள்வோம். அவருக்குக் காதின் பின்புறம் அணியும் காதொலிக்கருவி ஒன்று கிடைத்துள்ளது. அது பொருந்தியுள்ளதா என்று பார்க்க, ஒலி புகாத அறையில் அவரை அமர்த்தி, ஒலிபெருக்கி வழியே சொற்களை ஒலிக்கச் செய்கின்றனர். ‘காது’ என்று ஒலிக்கிறது. அவர் ‘காடு’ என்கிறார். ‘பழம்’ என்று ஒலிக்கிறது, ‘பளம்’ என்கிறார். ‘ஊண்’ என்று ஒலிக்கிறது, ‘ஊர்’ என்கிறார். தாளில் மூன்று பெருக்கல் குறிகள் விழுகின்றன.

இம்மூன்றும் ஒரே வகைப் பிழைகள் அல்ல. முதலாவது, காதோ கருவியோ செய்த பிழை. இரண்டாவதில் காது ஒலியைச் சரியாக வாங்கியிருக்கலாம். ழகரம் அவர் ஊர்ப் பேச்சில் ளகரமாக ஒலிப்பதால் வாய் வேறாகச் சொன்னது. மூன்றாவதில் பிழை சொற்பட்டியலை அமைத்தவருடையது. உணவைக் குறிக்க அம்முதியவர் வாழ்நாளில் ‘ஊண்’ என்று சொன்னதில்லை. அறியாச் சொல்லைக் கேட்ட மனம் அறிந்த சொல் ஒன்றை இட்டு நிரப்பிற்று. ஆயினும் மதிப்பெண்ணில் மூன்றும் சமம். இதன் விளைவு சிறிதன்று. ‘கருவி பொருந்தவில்லை’ என்று தேவையற்ற மாற்றங்கள் செய்யப்படலாம். ‘இவர் நரம்பின் திறன் அவ்வளவே’ என்று கைவிடப்படலாம். உண்மையான குறையாகிய முதற்பிழை மற்ற இரண்டின் கூட்டத்தில் மறைந்தும் போகலாம். இம்மூன்று பிழைகளையும் எவ்வாறு பிரித்தறிவது என்பதே இக்கட்டுரையின் வினா. கேட்பியலார் தனித்து விடை காணத்தக்க வினா அன்று இது. தமிழ் ஒலியியலையும் வட்டார வழக்கையும் கற்றோரின் துணை இதற்கு வேண்டும்.

சோதனையின் தோற்றமும் அதன் மீதான ஐயமும்

பேச்சைக் கொண்டு காதொலிக்கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை இரண்டாம் உலகப் போரின்போது உருப்பெற்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து பட்லர் நகரில் இருந்த டெஷான் இராணுவ மருத்துவமனையில், செவித்திறன் இழந்த படைவீரர்களுக்கு ரேமண்ட் கார்ஹார்ட் சோதனைகளை நடத்தினார். கருவியுடன் எவ்வளவு மெல்லிய பேச்சைக் கேட்க முடிகிறது, எவ்வளவு உரத்த ஒலியைத் தாங்க முடிகிறது, இரைச்சலில் எவ்வாறு கேட்கிறது, சொற்களை எவ்வளவு தெளிவாகப் பிரித்தறிய முடிகிறது எனும் நான்கையும் ஒவ்வொரு கருவிக்கும் அளந்து, சிறந்ததைத் தெரிவது அவர் முறை. 1946இல் அவர் இதனை வெளியிட்டார். சோதனைக்குரிய சொற்பட்டியல்கள் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவொலியியல் ஆய்வகத்தில் ஈகன் என்பாரால் 1948இல் முறைப்படுத்தப்பட்டன. 1952இல் செயின்ட் லூயி நகரின் காதுகேளாதோர் மைய நிறுவனத்தில் ஹிர்ஷும் உடனுழைத்தோரும் அவற்றைத் திருத்தி ஒலிப்பதிவாக வழங்கினர்.

ஆனால் 1960இல் ஷோர், பில்ஜர், ஹிர்ஷ் ஆகிய மூவர் அதே சோதனையைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்தபோது, கருவிகளுக்கிடையே தோன்றும் மதிப்பெண் வேறுபாடு நம்பத்தக்க அளவில் நிலைத்திருக்கவில்லை என்று கண்டனர். ஹிர்ஷ் தாம் அமைத்த பட்டியலின் மீதே ஐயம் எழுப்பிய ஆய்வில் பங்கேற்றார் என்பது ஆய்வறத்தின் நல்ல எடுத்துக்காட்டு. இவ்வையத்தின் பின், கருவியைப் பொருத்தும் பணி பெரும்பாலும் சூத்திரங்களிடம் சென்றது. இழப்பின் அளவில் ஏறத்தாழப் பாதியைப் பெருக்கமாகத் தருக என்னும் பழைய ‘பாதி விதி’யிலிருந்து வளர்ந்து, இன்று சிட்னி தேசிய ஒலியியல் ஆய்வகத்தின் சூத்திரங்களும் அவை போன்றனவும் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் எவ்வளவு பெருக்கம் வேண்டுமெனக் கணிக்கின்றன. கருவி அவ்வளவைத் தருகிறதா என்பதைக் காதுத் துளைக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அளக்கின்றனர்.

இவ்வளவீடு கருவியின் வேலையைச் சரிபார்க்கிறது. கேட்பவரின் பயனைச் சரிபார்ப்பதில்லை. செவிப்பறைவரை ஒலி சென்று சேர்ந்ததென்று அது கூறும். சேர்ந்த ஒலி சொல்லாக மாறிற்றா என்று கூறாது. அதற்குப் பேச்சறிதல் சோதனையை விட்டால் நேர்வழி வேறில்லை. எனவே கருவிகளுக்கிடையே போட்டி வைக்கும் பழைய பயன்பாடு குறைந்த பின்னும், பொருத்தத்தின் இறுதிச் சான்றாக அச்சோதனை நிலைபெற்றுள்ளது.

சூத்திரங்களுக்கும் ஒரு மொழிப்பின்னணி உண்டு. பேச்சின் சராசரி ஒலியாற்றல் அதிர்வெண்தோறும் எவ்வாறு பரவியுள்ளது என்பதை பைர்ன் தலைமையிலான பன்னாட்டுக் குழு 12 மொழிகளில் அளந்து 1994இல் வெளியிட்டது. மொழிகளுக்கிடையே வேறுபாடு சிறிது என்பதே அவர்கள் முடிவு. தென்னாசியாவிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றது சிங்களம், தமிழ் இல்லை. சராசரி ஒத்திருப்பது உண்மையே. ஆனால் சராசரி ஒத்திருப்பதும், எந்த அதிர்வெண்ணில் எந்தப் பொருள்வேறுபாடு தங்கியுள்ளது என்பது ஒத்திருப்பதும் வேறு வேறு. ஆங்கிலத்தில் பன்மையும் உடைமையும் சகர உரசொலியாகச் சொல்லிறுதியில் நிற்கின்றன. அதைக் கேட்க உயர் அதிர்வெண்கள் வேண்டும். தமிழில் பன்மையும் இடமும் பாலும் மெல்லின, இடையின, உயிரொலிகளில் நிற்கின்றன. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

எண்ணிக்கையின் எல்லை

சோதனை நடைபெறும் முறை எளியது. முகத்துக்கு நேரே ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவில் ஒலிபெருக்கி. இயல்பான உரையாடல் அளவில் 25 சொற்கள். சரியான ஒவ்வொரு சொல்லுக்கும் 4 விழுக்காடு. கருவியின்றி ஒருமுறை, கருவியுடன் ஒருமுறை. இயன்றால் இரைச்சலுடன் மற்றொரு முறை.

இங்கு ஒரு சிறு கணக்கு கட்டாயம் வேண்டும். ஒருவரின் உண்மைத் திறன் 50 விழுக்காடு எனில், 25 சொற்களில் அவர் பெறும் மதிப்பெண்ணின் திட்டவிலக்கம் 10 விழுக்காடு. இரு சோதனைகளின் வேறுபாட்டுக்குரிய திட்டவிலக்கம் ஏறத்தாழ 14. எனவே வேறுபாடு தற்செயல் அன்று என்று 95 விழுக்காட்டு உறுதியுடன் சொல்ல, 28 விழுக்காடு, அதாவது ஏழு சொற்கள், கூடியிருக்க வேண்டும். கருவியின்றி 12 சொற்களும் கருவியுடன் 18 சொற்களும் சொன்ன முதியவருக்குக் கருவியால் பயன் உண்டு என்று இச்சோதனை மட்டும் கொண்டு உறுதியாகக் கூற இயலாது. 50 சொற்களாக்கினால் தேவையான வேறுபாடு 20 விழுக்காடாகக் குறையும். ஈருறுப்புப் பரவலை அடிப்படையாகக் கொண்ட இக்கருத்தை 1978இல் தார்ன்டனும் ராஃபினும் கேட்பியலுக்குள் கொண்டுவந்தனர்.

தமிழாய்வாளருக்கு இக்கணக்கு ஏன்? ஏழு சொற்களே தீர்ப்பை மாற்றும் இடத்தில், வட்டார வழக்கால் மூன்று சொற்களும் வழக்கொழிந்த சொல்லாட்சியால் இரண்டு சொற்களும் பறிபோனால், எஞ்சிய மதிப்பெண் எதன் அளவு என்று ஒருவராலும் கூற இயலாது.

இதற்கு ஒரு வழி, முழுச்சொல்லுக்கு மதிப்பெண் இடாமல் ஒலியன்தோறும் இடுதல். 1968இல் பூத்ராய்டு அமைத்த ஆங்கிலப் பட்டியல்களில் பத்தே சொற்கள். ஒவ்வொன்றும் மெய், உயிர், மெய் என மூன்று ஒலியன்கள் கொண்டது. எனவே பத்துச் சொற்களில் முப்பது அளவீடுகள். எந்த ஒலி தவறிற்று, எதுவாகக் கேட்டது என்பதும் பதிவாவதால் கருவியில் எதைத் திருத்துவது என்ற குறிப்பும் கிடைக்கிறது. இம்முறையைத் தமிழுக்குக் கொணர முயலும்போதுதான் சொல்லின் உருவம் பற்றிய வினா எழுகிறது.

ஓரசைச் சொல்லைத் தேடி

தமிழில் ஒலிச்சமநிலைச் சொற்பட்டியல் அமைக்கும் முயற்சி புதிதன்று. 1965இல் மைசூரில் தோன்றிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தின் மாணவர்கள் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் இத்தகைய பட்டியல்களை உருவாக்கினர். தமிழுக்குரியது 1976இல் மைசூர்ப் பல்கலைக்கழக முதுநிலை ஆய்வேடாக அமைந்தது. இம்முன்னோடிப் பணிகளின் மதிப்பைக் குறைத்துக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவை எதிர்கொண்ட மொழிச்சிக்கலை இலக்கண மரபின் துணையுடன் அணுகலாம் என்பதே இங்குச் சொல்லப்படுவது.

ஆங்கிலத்தில் மெய்யில் தொடங்கி வல்லொலி மெய்யில் முடியும் ஓரசைச் சொற்கள் ஏராளம். தமிழில் வல்லின மெய் சொல்லிறுதியில் வாராது. கண், பால், நெய் போன்ற ஈரெழுத்து ஒருமொழிகள் மெல்லினத்திலோ இடையினத்திலோ முடிவன. அவையும் எழுத்தில் மட்டுமே ஓரசையாக நிற்கின்றன. ஊர்ப் பேச்சில் கண்ணு, பாலு, நெய்யி என்று உயிர் ஏற்று ஈரசையாகின்றன. ஒலிப்பதிவில் ‘பால்’ என்று கேட்டுப் ‘பாலு’ என்று மறுமொழி கூறுபவர் சரியாகவே கேட்டிருக்கிறார். எழுத்துத் தமிழின் ஓரசைச் சொற்களைத் திரட்டினால் பட்டியலில் வழக்கொழிந்த சொற்கள் மிகும். ‘ஊண்’ அவ்வாறுதான் நுழைகிறது.

மறுபுறம், பேச்சைக் கேட்கும் குறைந்த அளவை அறிய ஆங்கிலத்தில் ‘ஸ்பாண்டீ’ எனும் சொற்களைப் பயன்படுத்துகின்றனர். இது கிரேக்க யாப்பில் இருநெடில் கொண்ட சீரின் பெயர். ஆங்கிலக் கேட்பியலார் இரு அசையும் சம அழுத்தம் பெறும் சொல் என்று பொருள் மாற்றிக்கொண்டனர். சொல்லழுத்தத்தால் பொருள் வேறுபடாத தமிழுக்கு அழுத்தம் தேடுவது வீண். யாப்பு வழியே சென்றால் நேர்நேர் ஆகிய தேமாச்சீர் கையிலேயே இருக்கிறது. கடன் வாங்கிய துறைச்சொல்லின் மூலம் யாப்பிலக்கணம் என்பதை நம் யாப்பறிஞர் அறிந்தால் புன்னகைப்பர்.

ஒலியன்தோறும் மதிப்பெண் இடுவதற்குத் தமிழில் இயல்பாகப் பொருந்தும் சொல்லுருவம் குற்றியலுகர ஈற்றுச் சொல்லே என்பது இக்கட்டுரையின் கருத்து. காது, காடு, பட்டு, பந்து என்னும் சொற்களில் இறுதி உகரம் முன்னறியத்தக்கது. வல்லினத்தை ஒலிப்பதற்குத் துணையாக அரை மாத்திரை அளவே நிற்பது. அதைக் கேட்டாலும் கேளாவிட்டாலும் சொல் மாறுவதில்லை. ஆதலின் அதற்கு மதிப்பெண் வேண்டியதில்லை. அதை நீக்கினால் எஞ்சுவது மெய், உயிர், மெய் என்னும் அதே மூவுறுப்பு வடிவம். ஆங்கிலத்தார் சொல்லிறுதியில் தேடும் வல்லொலி தமிழில் குற்றியலுகரத்தின் மீது அமர்ந்திருக்கிறது.

இன்னும் சிறப்பு, குற்றியலுகரத்தின் ஈற்றயல் பாகுபாடு சோதனையின் பகுப்பாகவே பயன்படும் என்பது. நெடில்தொடர்ச் சொற்கள் (காது, காடு, காசு, மாடு) நெட்டுயிருக்குப் பின் வரும் தனி வல்லினத்தைச் சோதிக்கும். வன்தொடர்ச் சொற்கள் (பட்டு, பத்து, கொக்கு, உப்பு) இரட்டித்த வல்லினத்தைச் சோதிக்கும். மென்தொடர்ச் சொற்கள் (பந்து, நண்டு, பாம்பு, சங்கு) மூக்கொலியையும் அதனையடுத்த குரலொலியுள்ள வல்லினத்தையும் சோதிக்கும். உயிர்த்தொடர்ச் சொற்கள் (கயிறு, கிணறு, தவிடு, வரகு) நீண்ட சொல்லில் ஒலிகள் எவ்வளவு நிலைக்கின்றன என்று காட்டும். ஆய்தத்தொடர் இன்று பேச்சில் இல்லை, விட்டுவிடலாம். இடைத்தொடரும் மெலிந்துவிட்டது: மார்பு என்பதினும் நெஞ்சு என்பதே ஊர்வழக்கு, ‘பெய்து’ என்பது ‘பேஞ்சு’ ஆயிற்று. எஞ்சிய நான்கு வகைகளுக்கும் கழனியிலும் தொழுவத்திலும் அடுப்படியிலும் புழங்கும் சொற்கள் போதிய அளவு உள்ளன. எழுத்தறியாத முதியவரும் அவற்றை அறிவர்.

எழுத்தின் சமநிலையும் ஒலியின் சமநிலையும்

ஒலிச்சமநிலை என்பது, மொழியில் ஒவ்வோர் ஒலியும் எவ்வளவு அடிக்கடி வருகிறதோ அதே விகிதத்தில் பட்டியலிலும் வருதல். இதற்கு எழுத்துத் தமிழ் நூல்களையோ செய்தித்தாள்களையோ எண்ணினால் விளைவது எழுத்துச் சமநிலை. பக்கம், தங்கம், மகன் மூன்றிலும் ககரம் ஒன்றே. காதுக்கு அவை மூன்று ஒலிகள். முதலாவதில் அடைத்து வெடிக்கும் குரலற்ற ஒலி. இரண்டாவதில் குரலுள்ள வெடிப்பொலி. மூன்றாவதில் அடைப்பே இன்றி நெகிழ்ந்த ஒலி. ஆற்றலிலும் அதிர்வெண்ணிலும் மூன்றும் மிக வேறுபட்டவை. கருவி மூன்றையும் மூன்று விதமாகக் கையாளும். எனவே எண்ண வேண்டியது எழுத்தை அன்று. சார்ந்துவரும் இடத்தோடு கூடிய ஒலியை.

மேலும், றகர ரகர வேறுபாட்டையும் ழகரத்தையும் எழுத்துத் தமிழ் காக்கிறது. ஊர்ப்பேச்சு பெரும்பாலும் காப்பதில்லை. ‘காற்று’ பேச்சில் ‘காத்து’. மறுதலையாக, எழுத்திலக்கணம் விலக்கும் ஒலிகள் பேச்சில் நிறைந்துள்ளன. பஸ், சுகர், போன், பேங்கு, மாத்திரைச் சீட்டு என்னும் சொற்களோடுதான் வடக்கனந்தல் முதியவர் கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்குச் செல்கிறார். சொல் தூய்மையை நாம் வேறிடத்தில் பேணலாம். காது சோதிக்கும் பட்டியலில் சகர உரசொலியும் மொழிமுதல் குரலொலியும் இடம்பெறாவிட்டால் அவர் கேட்கவேண்டிய தமிழ் அங்கு இல்லை என்றே பொருள்.

பிறப்பிடம் என்னும் நொய்ந்த கூறு

இரைச்சலாலும் அதிர்வெண் இழப்பாலும் ஒலிகளின் எக்கூறு முதலில் அழிகிறது என்பதை மில்லரும் நைஸ்லியும் 1955இல் ஆராய்ந்தனர். குரலுண்மையும் மூக்கொலித்தன்மையும் இரைச்சலைத் தாங்கி நின்றன. ஒலியின் பிறப்பிடமே எளிதில் மறைந்தது. அவர்கள் ஆய்ந்தது ஆங்கில மெய்கள். தமிழுக்கு இம்முடிவு பெருங்கவலை தருவது. தொல்காப்பியப் பிறப்பியல் நுணுகி விளக்கும் நாவின் தொழில் வேறுபாடுகளே தமிழ் மெய்களின் பொருள்வேறுபாட்டுக்குப் பெரும் ஆதாரம்: காது/காடு, பத்து/பட்டு, குதி/குடி, பல்லி/பள்ளி, மனம்/மணம். ஆங்கிலத்தில் நாவளை ஒலிக்கும் பல்லொலிக்கும் இத்தகைய எதிர்நிலை இல்லை. தமிழ் தன் சொற்செல்வத்தின் ஒரு பகுதியை, செவிக்குறை முதலில் கவரும் பெட்டகத்தில் வைத்துள்ளது.

ஒலியியல் நோக்கில், நாவளை ஒலிகளின் அடையாளம் மூன்றாம் ஒத்ததிர்வு தாழ்ந்து இரண்டாவதை நெருங்குதல். இது நிகழும் பகுதி ஏறத்தாழ 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை. முதுமையாலும் ஆலை இரைச்சலாலும் வரும் இழப்பு உயர் அதிர்வெண்களில் தொடங்கிக் கீழிறங்கும்போது இப்பகுதியைத் தாக்குகிறது. ஆகவே ‘காது’, ‘காடு’ ஆவது தற்செயல் அன்று. கருவியுடன் சோதிக்கையில் இத்தகைய இணைகளில் பிழை நீடித்தால், இப்பகுதியில் பெருக்கம் போதவில்லை என்றோ, அப்பகுதியின் உள்செவி பெருக்கத்தால் பயன்பெறும் நிலையைக் கடந்துவிட்டது என்றோ கேட்பியலார் ஆராயலாம்.

வந்தானும் வந்தாளும்

மூக்கொலி இரைச்சலைத் தாங்கும் என்ற ஆறுதலும் தமிழ்ப் பேச்சில் முழுமையாகக் கிட்டுவதில்லை. எழுத்தில் வந்தான், வந்தாள் என்பன னகரத்தாலும் ளகரத்தாலும் வேறுபடுகின்றன. பேச்சில் ளகரம் மறைகிறது. னகரம் தனிமெய்யாக நில்லாமல் முன்னுள்ள ஆகாரத்துக்கு மூக்குச் சாயலை ஏற்றிவிட்டு மறைகிறது. வந்தது மகனா மகளா என்பது ஓர் உயிரின் மூக்குச் சாயலில் மட்டும் தங்கியுள்ளது. ‘வேணும்’, ‘வேணாம்’ என்னும் இணையில் நிலை இன்னும் கூர்மை: இரண்டிலும் இறுதி மூக்குச் சாயலே; உடன்பாட்டையும் மறுப்பையும் பிரிப்பது உயிரின் தன்மை ஒன்றே. ‘இந்த மாத்திரை இனி வேணாம்’ என்பதைத் தவறாகக் கேட்பவருக்கு நேரும் கேட்டை விளக்க வேண்டுவதில்லை.

தமிழ்த் தொடரில் வினை இறுதியில் நிற்கிறது. வினையின் இறுதியில் பால், இடம், மறுப்பு நிற்கின்றன. தொடர் முடியுமிடத்தில் குரல் தாழ்கிறது. மிக வேண்டிய செய்தி மிக மெலிந்த இடத்தில் அமைகிறது. தனிச்சொற் பட்டியல் இதை ஒருபோதும் காட்டாது. தொடர்ச் சோதனை தேவைப்படுவது இதனால்தான். அத்தொடர்களும் பேச்சுத் தமிழில் அமைய வேண்டும். ‘அவன் நேற்று வந்தான்’ என்று செய்தி வாசிப்பவர்போல் பதிவு செய்தால், இறுதி னகரம் முழுமெய்யாக ஒலித்து, வீட்டில் இல்லாத உதவியை ஆய்வறையில் தந்துவிடும்.

மூக்குச் சாயலும் உயிரின் தன்மையும் பெரிதும் தாழ், இடை அதிர்வெண்களைச் சார்ந்தவை. இரைச்சலைக் குறைக்கக் கருவியின் தாழ் அதிர்வெண் பெருக்கத்தைக் குறைப்பது வழக்கம். தாழ் அதிர்வெண்ணில் கேட்கும் திறன் நன்கிருப்பவருக்கு இதனால் கேடில்லை. அவ்வொலி கருவியைச் சுற்றி நேரே உட்புகும். ஆனால் சிறுவயது முதல் சீழ் வடிந்து நடுச்செவி கெட்டவர்களுக்குத் தாழ் அதிர்வெண்ணிலும் இழப்பு இருக்கும். கிராமங்களில் இத்தகையோர் குறைவல்லர். அவர்களுக்கு இக்குறைப்பு சொற்பட்டியலில் பிழை காட்டாமலே வந்தானையும் வந்தாளையும் ஒன்றாக்கிவிடக்கூடும்.

இரட்டிப்பும் இரைச்சலும்

படு, பட்டு ஆகியவற்றின் வேறுபாடு பெரும்பகுதி காலத்தில் உள்ளது. இரட்டித்த வல்லினம் நீண்ட அடைப்பு. அடைப்பு என்பது ஒலியின்மை. அமைதியான அறையில் செவிக்குறை உடையவரும் இதை நன்கு பிரித்தறிய இயலும். காலவேறுபாட்டை அறிய உயர் அதிர்வெண்கள் தேவையில்லை. ஆனால் நெல் அரைவை ஆலையிலோ பேருந்து நிலையத்திலோ அந்த ஒலியின்மையை இரைச்சல் நிரப்புகிறது. மெல்லொலியை மிகுத்து வல்லொலியைக் குறைக்கும் விரைவு ஒடுக்கம் கொண்ட கருவி, அடைப்பு நேரத்தில் பெருக்கத்தை உயர்த்தி, நிரம்பிய இரைச்சலை மேலும் தூக்கிவிடலாம். எனவே வன்தொடர்ச் சொற்களில் அமைதியில் பிழையின்றி இரைச்சலில் மட்டும் பிழை மிகுந்தால், ஐயப்பட வேண்டியது பெருக்கத்தின் அளவை அன்று, ஒடுக்கத்தின் வேகத்தை.

சட்டமும் சான்றிதழும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 70 டெசிபல் இழப்புடையோரைக் காதுகேளாதோர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை இழப்புடையோரைக் கேட்கும் திறன் குறைந்தோர் என்றும் வரையறுக்கிறது. வரையறையில் பேச்சின் பெயர் உண்டு, பேச்சு இல்லை. தனித்த தொனிகளை அளந்தால் போதும் என்ற நிலையில், ஒன்றிய அரசு 1981 முதல் நடத்திவரும் உதவி உபகரணத் திட்டத்தின் முகாம்கள் போன்றவற்றில் கருவி பெறுவோருக்கு, அது பேச்சைத் தருகிறதா என்று பார்க்கும் கட்டாயம் இவ்வரையறையால் எழுவதில்லை. ஒலி புகாத அறையும் பதிவு செய்த பட்டியலும் இல்லாத இடத்தில் சோதிப்பவரே வாயால் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. அப்போது குரலும் வேகமும் நாளுக்கு நாள் மாறும். சென்ற முறை பெற்ற மதிப்பெண்ணுடன் ஒப்பிடுதல் பொருளற்றதாகும்.

மதிப்பெண் இடும் முறை

வட்டார வழக்கைப் பிழையாக எண்ணாதிருக்க, கேட்பியலார் வட்டார மொழியறிஞராக வேண்டியதில்லை. சோதனைக்கு முன் ஐந்து நிமிடம் போதும். பட்டியலிலுள்ள பொருள்களின் படங்களையோ பொருள்களையோ காட்டி, முதியவரையே பெயர் சொல்லச் செய்து எழுதிக்கொள்ள வேண்டும். வாழைப்பழத்தைக் காட்டியபோது ‘பளம்’ என்றவர், சோதனையில் ‘பளம்’ என்றால் அது சரி. வட ஆர்க்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளிலிருந்து வந்தவர் ‘பயம்’ என்றாலும் சரி. படத்துக்குப் பெயர் சொல்ல இயலாத பொருளின் சொல்லை அவருக்குரிய பட்டியலிலிருந்து நீக்கி, அதே குற்றியலுகர வகையைச் சேர்ந்த மாற்றுச்சொல்லை இட வேண்டும். இதற்கென ஒவ்வொரு வகைக்கும் மிகைச்சொற்கள் பட்டியலின் பின்னிணைப்பாக இருத்தல் நலம்.

கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்களில் வாழும் மலையாளி பழங்குடியினருக்கு இவ்வேற்பாடு மேலும் இன்றியமையாதது. பெயர் எவ்வாறிருப்பினும் அவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் வழிவழிக் கதை. சமவெளிப் பேச்சிலிருந்து வேறுபட்ட சொற்களும் ஒலிப்புகளும் கொண்ட அவர்தம் வழக்குக்குச் சமவெளியில் சமன்செய்த பட்டியலை அப்படியே பொருத்துதல் தகாது. முதற்கண் செய்யவேண்டியது, பொதுவான சொற்கள் எவை, மலைக்கே உரியவை எவை என்று களத்தில் திரட்டிப் பிரித்தல். இது தமிழ்த்துறை முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டளவுப் பணியே.

பதிவுக்கு இவ்வட்டாரத்தில் வளர்ந்த ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் வேண்டும். முதியவர் வீட்டில் கேட்பது பெரும்பாலும் மருமகள், பேரப்பிள்ளைகள் குரலையே. உயர்ந்த குரலில் உயிரின் ஒத்ததிர்வுகள் மங்கலாகத் தோன்றும். சொற்களைத் தனித்தனியே படித்துப் பதியாமல், ‘இப்ப சொல்லுங்க’ என்பது போன்ற ஒரே முன்தொடரின் பின் இயல்பு வேகத்தில் சொல்லச் செய்து, சொற்களின் சராசரி ஒலியளவைச் சமன்செய்ய வேண்டும். உயிரின் நீளத்தையும் அடைப்பின் நீளத்தையும் தொடக்கூடாது. மதிப்பெண் தாளில் சரி, தவறு என்னும் இரு கட்டங்களுக்கு மாறாக, அவர் சொன்னதை அவ்வாறே எழுத ஒரு நீண்ட கட்டமும், பிறப்பிடம், இரட்டிப்பு, மூக்கொலி, உயிர்நீளம் என நான்கு குறுங்கட்டங்களும் இருத்தல் வேண்டும். ‘காது’ என்பதற்கு எதிரே ‘காடு’ என்று எழுதி, பிறப்பிடக் கட்டத்தில் மட்டும் குறியிட்டால், அடுத்த முறை கருவியைத் திருத்துபவர் எந்த அதிர்வெண் பகுதியை முதலில் பார்ப்பது என்பதை அத்தாளிலிருந்தே அறிவார்.